முதலில் ஃபைல், பிறகு பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? அதனால் பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சர்வீஸ் தொழிலில் இருந்து, இப்போது சேலத்தில் சொந்தக் கடை நடத்துகிறவனாக, என் மேசையில் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: என் லேப்டாப் பத்து நாளாகத் திறக்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. பிறகு கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்து நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்தேன். “ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்தணும், டேட்டா போயிடும்மா, வேற வழியில்ல” என்கிறார்கள். பதினான்கு வருஷப் பாடக்குறிப்புகளும், என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களும் அதில்தான் இருக்கின்றன. நிஜமாகவே வழியில்லையா?
— ஓர் ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: வழி இருக்கிறது டீச்சர். இதைப் படித்ததும் கடைக்குப் போன் போட்டு, “எதுவும் செய்யாதீர்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் எழுதிய அறிகுறிகளே பாதி நல்ல செய்தி. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரையில் எழுத்து வருகிறது என்றால் மதர்போர்டு, ரேம், டிஸ்ப்ளே மூன்றும் வேலை செய்கின்றன. விண்டோஸைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதியைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. அவ்வளவைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. உங்கள் படங்கள் அழிந்துவிட்டதாக அது சொல்லவே இல்லை.

லேப்டாப் கைக்கு வந்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்துங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும். ஏதாவது பென் டிரைவ் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில நேரம் மெஷின் அதிலிருந்து விண்டோஸைத் தேடிவிட்டு இதே செய்தியைக் காட்டும். அடுத்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். அங்கே ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் கேள்வி.

பெயர் தெரிந்தால், விண்டோஸைத் தொடாமலேயே ஃபைல்களை எடுக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கக்கூடியது லினக்ஸ். வேறொரு கம்ப்யூட்டரில் அதன் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இலவசமாக இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், காலியானதைப் பயன்படுத்துங்கள். பிறகு லேப்டாப்பில் செருகி, பூட் மெனு வழியாக அதிலிருந்து திறக்க வேண்டும். டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. உபுண்டு ‘ட்ரை’, ‘இன்ஸ்டால்’ என்று இரண்டு வழி கேட்கும். ‘ட்ரை’யை மட்டும் தொடுங்கள். மின்ட் நேராகத் திரையைத் திறந்துவிடும். அங்கே கிடக்கும் ‘இன்ஸ்டால்’ ஐகான் பக்கம் போகாதீர்கள். இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்தும் ரேமிலிருந்தும் ஓடுகிறது. உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதாது. அதில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் சி டிரைவும் டி டிரைவும் இடப்பக்கம் வரிசையாகத் தெரியும். இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகிக் காப்பி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் தடை வரலாம். விண்டோஸ் சரியாக மூடாமல் உறக்கநிலையில் கிடந்தால், லினக்ஸ் அந்த டிரைவைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கும். நமக்குப் படிக்க முடிந்தாலே போதும். காப்பி செய்யும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. மகளின் நடன வீடியோ ஏற மறுத்தால் காரணம் அதுவாக இருக்கும்.

லினக்ஸ் என்ற பெயரே பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் நீலத்திரை உங்களுக்கு வருமானால், அல்லது விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் ஒன்று கிடைத்தால், ‘ட்ரபிள்ஷூட்’ பகுதிக்குள் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ இருக்கும். அந்தக் கறுப்பு ஜன்னலில் நோட்பேட் என்று தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் ‘ஓப்பன்’ போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் உங்கள் டிரைவ்கள் எல்லாம் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் வந்து நிற்கும். ஃபோல்டர் மீது வலது கிளிக், காப்பி. பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். எவ்வளவு ஏறியது என்று காட்டாது, உறைந்தது மாதிரி நிற்கும். பொறுமையாகக் காத்திருந்தால் முடித்துவிடும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், சி என்பது டி ஆகத் தெரியலாம். பதற வேண்டாம்.

எதை எடுப்பது என்று வரும்போது ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். ‘டெஸ்க்டாப்’, ‘டவுன்லோட்ஸ்’ இரண்டும் உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள், சி டிரைவில்தான் இருக்கின்றன. ஆசிரியர்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைத்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் எடுத்து, பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு கடைக்காரர் சொன்ன ஃபார்மட்டுக்குத் தாராளமாகச் சம்மதியுங்கள். அவர் சொன்ன வேலை தவறில்லை, வரிசைதான் தவறு.

பயாஸில் பெயரே தெரியவில்லை என்றால் அடுத்த கேள்வியின் பதிலையும் படியுங்கள்.

*

கேள்வி: டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக்… டக்…’ என்று சத்தம் வருகிறது. சில நேரம் ஃபைல்கள் தெரிகின்றன, சில நேரம் தெரியவில்லை. பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீஸரில் ஒரு இரவு வைத்தால் சரியாகும் என்று அக்கா பையன் சொல்கிறான். செய்யலாமா?
— ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாம். இதைப் படிக்கும் நேரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தால், எழுந்து போய் அணைத்துவிட்டு வாருங்கள்.

ஹார்ட் டிஸ்குக்குள் கண்ணாடி மாதிரி மின்னும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் ஹெட் தட்டைத் தொடாமல், நானோமீட்டர் கணக்கில் சொல்லும் இடைவெளியில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ‘டக் டக்’ என்பது ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய் முட்டி முட்டித் திரும்பும் சத்தம். ஒவ்வொரு சுழற்சியிலும் அது தட்டைக் கீறுகிற அபாயம் இருக்கிறது. கீறிய இடத்தில் இருந்தது உங்கள் மகன் கல்யாணப் படம் என்றால், அதை எந்த லேபும் திருப்பித் தர முடியாது.

ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால், குளிர்ந்த டம்ளரின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வதுபோல் டிஸ்கின் உள்ளேயும் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு தட்டு சுழன்றால் மிச்சமிருந்த வாய்ப்பும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நல்ல எண்ணத்தோடு பலர் செய்யும் கெடுதல் இது: டிஸ்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான ‘செக்டிஸ்க்’கை ஓட விடுவது. ஆரோக்கியமான டிஸ்கில் அது மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்கில், மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. டிஸ்கின் மூலை முடுக்கெல்லாம் படித்து, சிக்கலான பதிவுகளைத் திருத்தி எழுதப் பார்க்கும். கடைசியில் பெயர்கூட இல்லாத துண்டு ஃபைல்களோடு நிற்போம்.

சத்தம் இல்லாமல், வெறுமனே மெதுவாக, திணறித் திணறிப் படிக்கும் டிஸ்க் என்றால் நான் முதலில் அதன் நகலை எடுப்பேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதல் சுற்றில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று தனியாகக் குறித்தும் வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு தடவை நான்கு நாள் இரவும் பகலும் என் மேசையில் அது ஓடியது. அப்புறம் மீட்பு வேலை எல்லாம் நகலின் மீதுதான். மூல டிஸ்கைத் திரும்பத் தொடுவதில்லை.

உங்களுடையது சத்தம் போடுகிறது. எனவே நானும் தொட மாட்டேன், உங்கள் ஊர்க் கடையும் தொடக் கூடாது. தூசி இல்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் அது போக வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் ஆகும், மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் திறப்பதற்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். டேட்டா வராவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

*

கேள்வி: மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். இரவு கரண்ட் போய் வந்தால் காலையில் சிஸ்டம் தேதி பழைய வருஷத்தைக் காட்டுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. போன வாரம் முதல் நீலத்திரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. உள்ளே டேலி கணக்கு முழுவதும் இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கல் நெருங்குகிறது.
— ஒரு வியாபாரி, பொள்ளாச்சி

பதில்: பெரும்பாலும் ஐம்பது ரூபாய்ச் செலவு. மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், மேலே சிஆர்2032 என்று போட்டிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்துவிடும், தேதியையும் சேர்த்து. ஹார்ட் டிஸ்கோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பும் அப்போது மாறிவிடலாம். விண்டோஸ் ஏற்றும்போது ஏஹெச்சிஐ என்று இருந்தது இப்போது ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ மாறியிருந்தால், விண்டோஸ் தன் டிஸ்கையே அடையாளம் காணாமல் நீலத்திரையில் விழும். பேட்டரியை மாற்றி, அந்த அமைப்பைப் பழையபடி வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் திறந்துகொள்ளும். இதற்குப் போய் ஃபார்மட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

கேபினெட்டைத் திறக்கும்போது ரேமையும் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுங்கள். மளிகைக் கடை என்பதால் சொல்கிறேன்: மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் ஃபேனில் அப்பியிருக்கும், எறும்பும் கரப்பானும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குடியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது, கரண்ட் இல்லாவிட்டாலும் ஷாக் அடிக்கும்.

டேலிக்கு: ‘டேட்டா’ என்ற ஃபோல்டருக்குள் வெறும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய ஈஆர்பி 9 என்றால் 10000 மாதிரி ஐந்து இலக்கம், பிரைம் என்றால் 100000 மாதிரி ஆறு இலக்கம். உங்கள் கம்பெனி முழுவதும் அந்த எண்ணுக்குள்தான். அதை அப்படியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தால் கணக்கு திறக்கும். சரியானதும் வாரத்துக்கு ஒரு முறை அதை ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள், கடையிலேயே வைக்காதீர்கள்.

*

கேள்வி: புது லேப்டாப்பில் மதர்போர்டு போய், சர்வீஸில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஆன் செய்தால் நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதில்லை!
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்பது அதன் பெயர். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் நாள் அமைக்கும்போது, பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கிறது. போர்டு மாறியதும் சிப்பும் மாறியது. டிஸ்க் புது ஆளை நம்ப மறுக்கிறது.

வேறு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், ‘டிவைசஸ்’ பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். நீலத்திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்துகிற சாவியைத்தான் தட்ட வேண்டும். லேப்டாப்பை முதலில் அமைத்துக் கொடுத்தது அண்ணனா, கடைக்காரரா என்று யோசியுங்கள். அவர்கள் தங்கள் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் சாவி அவர்கள் கணக்கில் கிடக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லூரி மின்னஞ்சல் என்றால் கல்லூரியின் கணினிப் பிரிவில் கேளுங்கள்.

சாவி கிடைக்கவே இல்லை என்றால், டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்காது. “உடைத்துத் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன. சரிசெய்ய ஒரே ஒரு ஃபைலை நீக்கினால் போதும். ஆனால் பிட்லாக்கர் போட்டிருந்த மெஷின்களில் அந்த ஒரு ஃபைல்வரை போவதற்கே 48 இலக்கம் தேவைப்பட்டது. சாவியை எடுத்து வைக்காத அலுவலகங்கள் அதைத் தேடுவதிலேயே நாளைக் கழித்தன.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லோரும், உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும் இன்றைக்கே, அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் வையுங்கள்.

*

கேள்வி: எஸ்எஸ்டியில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன், ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. முன்பு ஹார்ட் டிஸ்கில் ரெக்குவா போட்டு மீட்டிருக்கிறேன். இப்போது ஒன்றுமே வரவில்லை.
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: ஹார்ட் டிஸ்கில் அழித்தால் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து போகும், சரக்கு அங்கேயே இருக்கும். அதனால்தான் ரெக்குவா, ஃபோட்டோரெக் எல்லாம் பலன் தந்தன. எஸ்எஸ்டியில் அப்படியில்லை. விண்டோஸ் 7 முதல் ‘ட்ரிம்’ என்ற கட்டளை இருக்கிறது. நீங்கள் அழித்தவுடன் “இந்த இடம் காலி” என்று டிஸ்குக்குச் சொல்லிவிடும், அதுவும் தன் போக்கில் துடைத்துவிடும். உங்கள் ஃபோல்டர் பெரும்பாலும் போய்விட்டது, வருத்தமாகத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினீர்களா, மின்னஞ்சலில் இணைத்தீர்களா, ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்ததா என்று தேடுங்கள். ஒன்டிரைவுக்குத் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் உண்டு.

எஸ்எஸ்டி போட்ட மெஷின் வெறுமனே திறக்கவில்லை என்றால் இந்தப் பயம் வேண்டாம், ஃபைல்கள் இருக்கும். ஃபார்மட் செய்துவிட்டு மீட்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

*

கேள்வி: சிறு அச்சகம் நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நீங்கள் முன்பு ஓர் இதழில் சொன்னபடி லினக்ஸ் பென் டிரைவ் வைத்து எல்லா ஃபைல்களையும் எடுத்துவிட்டேன். ஆனால் புது கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? கோயில் மலர், திருமண அழைப்பிதழ், ஊர்ப் பெரியவர்களின் கவிதைப் புத்தகம் என்று பதினெட்டு வருஷ வேலை.
— அச்சக உரிமையாளர், புதுக்கோட்டை

பதில்: ஐயா, ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. எழுத்துரு மட்டும் பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன் நாம் தமிழைத் தமிழாகச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருந்தோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருந்தால் அது அம்மாவாகத் தெரியும், இல்லையென்றால் எம்கே அரைப்புள்ளி கேஎச்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு தமிழ் எழுத்துக் குறியீடுகளாகத் தரப்படுத்தினார்கள். ஆனாலும் அச்சகங்களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்றே ஓடியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்று ஆணை போட்ட பிறகும் டிடிபி மேசைகளில் பழையதுதான் நீடித்தது, ஏனென்றால் அங்கே பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடவில்லையே? மறுபடி லினக்ஸில் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்று இருப்பதை முழுதாகக் காப்பி செய்யுங்கள். கடைசியாக ஓடியது விண்டோஸ் 10 என்றால், உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வுக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போனால் அங்கேயும் ஒரு ‘ஃபான்ட்ஸ்’ இருக்கும். மறைந்த ஃபோல்டர்களும் லினக்ஸில் சாதாரணமாகவே தெரியும். புது கம்ப்யூட்டரில் அவற்றை நிறுவியதும் உங்கள் கவிதைப் புத்தகம் பழைய முகத்தோடு எழுந்து வரும். பேஜ்மேக்கர் ஃபைல்களின் படங்கள் தனியாக எங்கேயோ இருந்திருக்கும். அவற்றையும் பழைய ஃபோல்டர் பெயர் மாறாமல் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் சாமி படம் இருந்த இடம் சாம்பல் நிறக் கட்டமாக நிற்கும்.

பிறகு, அவசரமில்லாத ஒரு ஆடி மாதத்தில் — முகூர்த்தம் இல்லாத மாதம், அச்சகத்துக்கு வேலை குறைவு — கவிதைப் புத்தகத்தையும் கோயில் மலர்களையும் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அழைப்பிதழ்களை விட்டுவிடலாம். ஊர்ப் பெரியவரின் கவிதை வேறெங்கும் இருக்காது, உங்கள் டிஸ்கில் மட்டும்தான் இருக்கும்.

*

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. காய வைத்து அப்படியே பரணில் போட்டுவிட்டோம், ஆன் செய்யவே இல்லை. அப்பாவின் படங்கள் அதில்தான். இனி முடியுமா?
— ஒரு வாசகி, ஏரல்

பதில்: அம்மா, ஆன் செய்யாமல் வைத்தீர்களே, அதுதான் நீங்கள் செய்த மிக நல்ல காரியம். அந்த இரண்டு நாளும் தாமிரபரணி உங்கள் பக்கம் என்ன செய்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது எல்லாம் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். 2015-இல் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்த டிஸ்குகளில் பாதியை, ஆர்வத்தில் ஒரு முறை ஆன் செய்து பார்த்தே முடித்திருந்தார்கள்.

ஹார்ட் டிஸ்கின் மூடியில் காற்றுக்காக ஊசித்துளை ஒன்று உண்டு. அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீர் போய்த் தட்டில் காய்ந்திருக்கும். ஈரத்தோடு காற்றுப் புகாத பையில் போட்டு உடனே லேபுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் எளிது. காய்ந்ததால் வேலை கூடும், வாய்ப்பு குறையும், ஆனால் அற்றுப் போகாது. லேபில் தட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்து படிக்கப் பார்ப்பார்கள். பச்சை நிற போர்டை மட்டும் அதே மாடல் டிஸ்கிலிருந்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலேயே ஒரு சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதையும் இடம் மாற்றாமல் வேலை செய்யாது. டிஸ்கை மட்டும் கழற்றி, தெர்மாகோல் சுற்றி அனுப்புங்கள். கேபினெட் பழைய இரும்புக்குப் போகலாம்.

*

கேள்வி: அண்ணே, நானும் சர்வீஸ் தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நீங்கள் ‘ஃபார்மட் செய்யாதே’ என்று எழுதுகிறீர்கள். ஆனால் கஸ்டமர் ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்று நிற்கிறார், முதலாளி அடுத்த மெஷினை எடு என்கிறார். டேட்டா எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், அதற்குக் காசும் தர மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— சர்வீஸ் பையன், தேனி

பதில்: தம்பி, உன் நிலைமை எனக்குத் தெரியும், அதே நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.

2002-இல் நான் இன்னொருவர் கடையில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற கர்ணம் ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். அவர் ஊர் ஏரியின் மதகுகள், ஒவ்வொரு வாய்க்காலின் பெயர், எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாயும், கிணறுகளின் பெயர் என்று இரண்டு வருஷம் ஒற்றை விரலால் தட்டி வைத்திருந்தார். நான் கேட்டேன்: “டி டிரைவ்லதானே இருக்கு?” அவர் “ஆமா தம்பி” என்றார். டி டிரைவ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். நான் சி டிரைவை ஃபார்மட் செய்து எக்ஸ்பி ஏற்றிக் கொடுத்தேன். ஆன் செய்து பார்த்துவிட்டு, “திறந்ததும் மொதப் பக்கத்துலயே இருக்குமே தம்பி, எங்க?” என்றார்.

மூன்று இரவு முயன்றேன். பாதிக்கும் குறைவாகத்தான் துண்டு துண்டாகக் கிடைத்தது. மீதியை அவர் நினைவிலிருந்து நோட்டில் எழுதி எழுதிக் கொண்டு வந்தார், கடை மூடிய பிறகு நான் உட்கார்ந்து தட்டினேன். நான்கு மாதம் ஆயிற்று. சில வாய்க்கால்களின் பெயர் அவருக்கே திரும்ப நினைவுக்கு வரவில்லை.

அதனால் சொல்கிறேன்: முதலாளியிடம் சண்டை போடாதே. மெஷினை வாங்கும்போதே ஒரு நிமிடம் எடுத்துக்கொள். டேட்டா எடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்று போர்டில் எழுதி மாட்டச் சொல்; தொகையை முன்கூட்டியே பார்த்தவர்கள் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் நீ பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை, டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டிக் காப்பி போட்டுவிட்டு அடுத்த மெஷினை எடு. ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமென்றால், பழைய டிஸ்கைக் கழற்றிக் கஸ்டமர் கையில் கொடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்று. அவருக்கு வேகமும் கிடைக்கும், பழையதும் பத்திரமாக இருக்கும்.

வாங்கும் சீட்டில் “டேட்டா வேண்டுமா?” என்று கேட்காதே, எல்லோரும் யோசிக்காமல் “முக்கியமா ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்வார்கள். “இந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்? படம் இருக்கிறதா? கணக்கு இருக்கிறதா? தமிழில் எதில் தட்டுவீர்கள்?” என்று கேள். என் சீட்டின் கீழ்ப்பாதியில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்திருக்கிறேன், கம்ப்யூட்டர் திரை மாதிரி. கஸ்டமரிடம் பேனாவைக் கொடுத்து, “திறந்ததும் உங்க ஃபைல் எந்த மூலையில இருக்கும், ஒரு புள்ளி வைங்க” என்பேன். டிரைவ் பெயர் தெரியாதவர்களும் அந்தப் புள்ளியைச் சரியாக வைத்துவிடுகிறார்கள். அது வைக்கப்படாமல் நான் ஒரு திருகைக்கூடக் கழற்றுவதில்லை.

சீட்டின் பிரதி ஒன்றை உனக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்.